பஸ்ஸின் முதுகில் என் இடது கால்

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றால் நின்றதுதான். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை அது. ஸ்ரீரங்கத்திலிருந்து கணவர் என்னை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ். அதன் முதுகு முழுக்க ஒரு விளம்பரம். ஒரு பெண்ணின் கால், முழங்காலிலிருந்து பாதம் வரை, ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு. கெண்டைக்கால் சதையில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப் போயிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு கால், வழவழவென்று, வெள்ளைவெளேரென்று, எந்த ஊர்க்காரியின் காலோ தெரியாது. "நரம்புச் சுருட்டலா? கவலையை விடுங்கள்" என்று மேலே எழுதி, கீழே தென்னூரில் உள்ள ஒரு கிளினிக்கின் பெயரையும் ஃபோன் நம்பரையும் போட்டிருந்தார்கள்.

முதலில் என் கண்ணில் பட்டது சேலைதான். முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த சேலையின் கரை நன்றாகத் தெரிந்தது. மயில்கழுத்து நீலத்தில் மாம்பழ மஞ்சள் கரை, கரைக்குள் சின்னச் சின்னக் கட்டம். எங்கள் பள்ளியில் ஆசிரியைகள் திங்கட்கிழமைதோறும் கட்டியாக வேண்டிய யூனிஃபார்ம் சேலை. தனியாகச் சொல்லி நெய்யவைத்தது, கடையில் கிடைக்காது. அன்றைக்கும் நான் அதைத்தான் கட்டியிருந்தேன். குனிந்து என் மடியைப் பார்த்தேன், நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தேன். அப்புறம்தான் பாதம் கண்ணில் பட்டது. சுண்டுவிரலில் நகம் இல்லை. பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் கிரைண்டர் கல் விழுந்து போன நகம் அது. பஸ்ஸில் இருந்தது என் இடது கால்.

"காலங்காத்தால வெளிய வந்தா என்ன கண்றாவியெல்லாம் பாக்க வேண்டியிருக்கு பாரு. இதையெல்லாமா பஸ்ல ஒட்டுவானுங்க?" என்றார் கணவர்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிற மனுஷன். அவருக்கு அது யார் கால் என்று தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பாலத்தில் வைத்தே சண்டை வந்திருக்கும். பஸ் நகர்ந்தது. என் கால் எனக்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்விட்டது.

பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உடைந்துபோய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்கிற கதை அல்ல. வேண்டுமென்றே போடவில்லை. மேஜை ஒன்று இருக்கும். மேஜைக்குப் பின்னால் வெறும் தரை. இது எங்கள் பள்ளியில் மட்டும் நடக்கிற கூத்தும் அல்ல. ஊரில் வேறு தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கிற சிநேகிதிகளைக் கேட்டால் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். நாற்காலி போட்டால் டீச்சர் தூங்கிவிடுவாளாம். பையன்கள் நடுவே நடந்து நோட்டைப் பார்க்கமாட்டாளாம். உட்கார்ந்திருக்கிற டீச்சரைப் பெற்றோர் பார்த்துவிட்டால் பள்ளியின் பெயர் கெட்டுவிடுமாம். படித்துப் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கிறவள் ஒரு நாற்காலியைப் பார்த்ததும் தூங்கிப்போவாள் என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

காலையில் பிரேயர், நின்றபடி. பிறகு வகுப்பு, நின்றபடி. இடைவேளையில் வராந்தாவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் நின்றபடி. பரீட்சை என்றால் மூன்று மணி நேரம் பிள்ளைகள் எழுதி முடிக்கும்வரை சுவரோரமாக நிற்க வேண்டும். சாயக்கூடாது. ஆசிரியர் அறையில் நாற்காலிகள் உண்டு. ஆனால் ஃப்ரீ பீரியட் வந்தால் வராத டீச்சரின் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் செருப்பின் வார் காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும்.

இரண்டாவது மகன் பிறந்த பிறகுதான் முதலில் கவனித்தேன். முழங்காலுக்குப் பின்னால் சிவப்பும் ஊதாவுமாகச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். வலி இல்லை, அதனால் விட்டுவிட்டேன். வருஷங்கள் போகப் போக கோடு தடித்தது, நெளிந்தது, கெண்டைக்காலில் கயிறாகச் சுருண்டது. ராத்திரி கால் குடையும். கணுக்கால் அரிக்கும், சொறிந்தால் கறுக்கும். கணவரிடம் சொன்னால், "நின்னா வலிக்கத்தான் செய்யும். எனக்கு ஒக்காந்து ஒக்காந்து முதுகு வலிக்கல?" என்பார். அவருக்கு அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை. நாள் முழுக்க நாற்காலி. முதுகுக்கு மெத்தை வைத்து ஒரு திண்டு வேறு நானே தைத்துக் கொடுத்திருந்தேன். அவர் வலியும் என் வலியும் ஒன்றா என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டு மாமி சூடாக எண்ணெய் காய்ச்சி அழுத்தித் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். சுருண்ட இடம் சிவந்து கன்றிப்போனதுதான் மிச்சம். அட்டை விட்டுக் கெட்ட ரத்தத்தை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். என்னோடு வேலை பார்க்கிற டீச்சர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது, சேலையை இன்னும் கொஞ்சம் தழைத்துக் கட்ட வேண்டும் என்பது. எங்களுக்குத் தெரிந்த ஒரே சிகிச்சை அதுதான். ஆசிரியர் அறையில் பாதிப் பேர் சேலை தரையைப் பெருக்கிக்கொண்டு போகும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

போன வருஷம் கணுக்காலுக்கு மேலே சின்னதாகத் தோல் விரிசல் விட்டது. ஆறவில்லை. நீர் வடிந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டேன், பெரிதானது. அதற்குப் பிறகுதான் ஒரு திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேரே தென்னூருக்குப் போனேன். யூனிஃபார்ம் சேலையிலேயே போனேன்.

டாக்டரைக் குறை சொல்லமாட்டேன். பொறுமையாகப் பார்த்தார். நிற்கவைத்தே ஸ்கேன் எடுத்தார். "காலுக்குப் போன ரத்தம் திரும்ப மேல ஏறணும் இல்லையா? கெண்டைச் சதை அசையறப்பதான் அது மேல தள்ளப்படும். ரத்தக்குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு மாதிரி வால்வு இருக்கு, கீழ எறங்காம அதுங்க தடுக்கும். ஒரே எடத்துல நின்னுக்கிட்டே இருந்தா சதை அசையாது, ரத்தம் தேங்கும், வால்வு கெட்டுப்போகும்," என்றார். "நடக்கறதுனால இது வராது. நிக்கறதுதான் கெடுதல். என்ன வேலை பாக்கறீங்க?"

டீச்சர் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எங்கிட்ட நெறைய டீச்சருங்க வராங்க," என்றார்.

அப்போது கிளினிக்கில் வேலை பார்க்கிற ஒரு பெண் ஃபோனோடு வந்தாள். "ரெக்கார்டுக்கு ஒரு ஃபோட்டோ மேடம். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க" என்றாள். பிடித்தேன். டாக்டருக்குக் காட்டும் காலை அவர்கள் குறிப்புக்காகப் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். வேறென்ன நினைக்க முடியும்?

காலாண்டு விடுமுறையில் லேசர் வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, கெட்டுப்போன குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு, சூட்டில் அதை மூடிவிட்டார்கள். இனி ரத்தம் நல்ல குழாய்கள் வழியாகப் போய்க்கொள்ளுமாம். அன்றைக்கே நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புண் மெல்ல ஆறியது. கயிறுகள் தளர்ந்து அடங்கின. கறுப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை, போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே இறுக்கமான காலுறை போட வேண்டும். ஸ்ரீரங்கத்துப் புழுக்கத்தில் அதை இழுத்து ஏற்றுவதற்குள் வேர்த்து விறுவிறுத்துப்போகும். ஆனாலும் போட்டேன். கொலுசைக் கழற்றினேன். ராத்திரி காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்தேன். சொன்னதெல்லாம் செய்தேன்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது டாக்டர் என் வலது காலைக் காட்டினார். முழங்காலுக்குப் பின்னால் அதே சிலந்தி வலை. "இதுல வால்வு இன்னும் கெடல. ஆனா ஆரம்பிச்சிருக்கு. கொஞ்சம் ஒக்காருங்க, கொஞ்சம் நடங்க, மாத்தி மாத்தி. பழையபடி நாள் முழுக்க நின்னீங்கன்னா இதுவும் அதே வழிக்குத்தான் போகும். நான் எத்தன காலுக்குத்தான் லேசர் வைக்கறது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வலது காலைக் காப்பாற்ற எனக்குத் தேவைப்பட்டது ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

பள்ளித் தாளாளரை எல்லோரும் கரஸ்பாண்டென்ட் சார் என்போம். அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவருடைய நாற்காலிக்குச் சக்கரம் உண்டு, முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்தியிருக்கும். அவர் அதில் லேசாகச் சுழன்றுகொண்டே கேட்டார். நான் நின்றபடி சொன்னேன்.

"ஒங்களுக்கு ஒண்ணு போட்டா எல்லாரும் கேப்பாங்களே மேடம்," என்றார்.

கேட்கட்டுமே என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

"டீச்சர்னா நிக்கணும். அதுதான் அந்தத் தொழிலுக்கு மரியாதை. கிளாஸ்ல மாட்டியிருக்கற கேமரால பேரண்ட்ஸ் யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க? ஒடம்ப நீங்கதான் பாத்துக்கணும். காலைல வாக்கிங் போங்க," என்று முடித்துவிட்டார். வகுப்புக்குத் திரும்பி நின்றேன். டிசம்பர் பரீட்சை முழுக்க நின்றேன். வலது கால் சாயங்காலமானால் கனக்கத் தொடங்கியது. அப்போதுதான் பொங்கல் வந்தது, பஸ் வந்தது.

பாலத்தில் பார்த்த அன்று சாயங்காலம் காப்பி குடிக்கும்போது கணவரிடம் சொன்னேன். "காலைல பாத்தீங்களே, அந்தக் கண்றாவி, அது என்னோட கால்தான்."

தம்ளரைக் கீழே வைத்தார். "ஒன் காலா? எப்படி?"

காட்டினேன். அன்றைக்குத்தான் அவர் என் காலைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். முகம் சிவந்துவிட்டது. "எவன் பொண்டாட்டி காலை எவன் பஸ்ல ஒட்டறது? ஊர் பூராவும் பாக்கறதுக்கா? விட மாட்டேன். நாளைக்கே போறோம். உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் அந்தக் கால் குடைந்தபோது வராத கோபம், புண்ணில் நீர் வடிந்தபோது வராத கோபம், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் பொத்துக்கொண்டு வருகிறது. வலிக்கும்போது அது என் கால். பஸ்ஸில் ஏறியதும் அவர் பெண்டாட்டி கால்.

மறுநாள் கிளினிக்குக்கு அவரும் கூட வந்தார். விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் என்று ஒரு இளைஞன் வந்து உட்கார்ந்தான். இவர் மானம் மரியாதை என்று ஆரம்பித்து கோர்ட்டு கேஸ் வரை போய்விட்டார். என்னைப் பேசவே விடவில்லை. அந்த இளைஞன் பதற்றமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சார், மொகமே இல்லையே. யாருக்கு எப்படித் தெரியும்?" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், ஒங்க கால் இப்ப அப்படி இல்லையே. அது ஒங்க கால்னு எப்படிச் சொல்றீங்க?" என்றான்.

குணமானதால் அது என் கால் இல்லை என்கிறான். எழுந்து, செருப்பைக் கழற்றி, காலுறையைக் கீழே உருட்டி, பாதத்தை அவன் மேஜைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். வரவேற்பறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் "ஏய், ஏய்" என்றார். "நகம் இருக்கா பாருப்பா," என்றேன்.

அவன் பார்த்தான். குரல் கொஞ்சம் இறங்கியது. "சாரி மேடம். கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. முடிஞ்சதும் எடுத்துடறோம்."

"பக்கத்துல ஒரு கால் இருக்கே, அது யாரோடது?"

"அது நெட்ல எடுத்தது மேடம்."

"இங்க கொணமாச்சுன்னு காட்டணும்னா, என்னோட கால்தான் கொணமாயிருக்கே. அதையே போட வேண்டியதுதானே?"

அவன் என் பாதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல கறுப்பு இருக்கே மேடம். வெடிப்பும் இருக்கு. ஜனங்க பாத்தா வரமாட்டாங்க," என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. புண்ணாக இருந்தபோது என் கால் அவர்களுக்கு வேண்டும். நான் பாடுபட்டு, காலுறையோடு மல்லுக்கட்டி, மாதக்கணக்கில் ஆற்றிக்கொண்ட கால் யாருக்கும் வேண்டாம். அழகு இல்லையாம். அந்தக் காலின் மீது எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பெருமையையும் அவன் ஒரு வாக்கியத்தில் துடைத்துவிட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் கணவர் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அந்த வாரத்துக்குள் பள்ளியிலும் விஷயம் வெடித்தது. ஒரு மாணவியின் அம்மா பஸ்ஸைப் படம் எடுத்து, "இது நம்ம ஸ்கூல் டீச்சர்ஸ் புடவை மாதிரி இருக்கே" என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கரஸ்பாண்டென்ட் மாலையில் ஆசிரியைகள் எல்லோரையும் பெரிய ஹாலுக்கு வரச் சொன்னார். அவருக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தது. நாங்கள் கீழே வரிசையாக நின்றோம்.

"நம்ம ஸ்கூலோட கௌரவத்த நடுரோட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. யாருன்னு கேக்க எனக்கே கூச்சமா இருக்கு. அது யாரோட கால்?" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். சேலைகள் எல்லாம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொருத்தியும் தன் பாதத்தைப் பார்த்தபடி நின்றாள், தன்னுடையதாக இருக்குமோ என்று பயந்தவள் போல. அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்த ஹாலில் அந்தக் கால் யாருடையதாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

"என்னோடதுதான் சார்," என்றேன். "என்னைக் கேக்காம எடுத்துப் போட்டுட்டாங்க. ஆனா அந்தக் கால் அப்படி ஆனது இங்கதான். இந்த ஸ்கூல்ல நின்னு நின்னு ஆனது. வகுப்புல ஒரு நாற்காலி இருந்திருந்தா அது பஸ்ல ஏறியிருக்காது."

அவர் முகம் மாறவில்லை. "இதத் தனியா வந்து கேட்டிருக்கலாமே மேடம்," என்றார்.

தனியாக வந்து கேட்டேன், வாக்கிங் போகச் சொன்னீர்கள் என்றேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சரி. ஒடம்பு முடியாதவங்களக் கஷ்டப்படுத்தணும்னு எனக்கு இல்ல. நாளையிலேருந்து நீங்க லைப்ரரியப் பாத்துக்குங்க. அங்க நாற்காலி இருக்கு. பத்தாம் வகுப்புக்கு வேற ஆள் போட்டுக்கலாம்," என்றார், பெரிய மனது பண்ணுகிறவர் போல.

பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நான் ஜூனிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த பிள்ளைகள். நாற்காலி கேட்டால் வகுப்பைப் பிடுங்கிக்கொள்வார்களாம். "லைப்ரரி வேண்டாம் சார். கணக்குதான் எடுப்பேன்," என்றேன். பரீட்சை நெருங்கிவிட்டதால் அவரும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. என் பக்கத்தில் நின்றவர்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேர் மேலும் கோபம் வந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

கூட்டம் கலைந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது சயின்ஸ் எடுக்கிற சின்னப் பெண் பின்னாலேயே வந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. ஹாலில் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கினாள்.

"மிஸ், இது அதுதானா?"

நீலக் கோடுகள், மெல்லியதாக, வலை வலையாக. அதுதான் என்றேன். மாசமாக இருக்கும்போது வருவதுண்டு, பிள்ளை பிறந்ததும் குறையவும் குறையலாம், ஆனால் நின்றுகொண்டே இருக்கக்கூடாது, டாக்டரைப் பார் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "எப்படி மிஸ் ஒக்கார்றது?" என்றாள்.

அங்கிருந்த ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கரஸ்பாண்டென்ட் அன்றைக்கே கிளினிக்குக்கு ஃபோன் செய்தார் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் கான்ட்ராக்ட் முடியவேண்டும் என்று சொன்னவர்கள் அவருக்கு இரண்டே நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். படத்தில் சேலைக் கரை தெரிந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, அதில் "இன்றே வாருங்கள்" என்று எழுதிவிட்டார்கள். கால் அப்படியே இருந்தது. பள்ளியின் மானம் காப்பாற்றப்பட்டது. சேலைக்கு ஒரு மானம் உண்டு, அதைக் கட்டியிருந்தவளுக்குக் கிடையாது என்று பள்ளியும் கிளினிக்கும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். அதைப் பார்த்த அன்று எனக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோனது. இனி இவர்களிடம் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன்.

மறுநாள் முதல் பீரியட் பத்தாம் வகுப்பு. பலகையில் நின்று ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டினேன். அதே மாதிரி இன்னொன்றைக் கொடுத்து, பிள்ளைகளைப் போடச் சொன்னேன். அவர்கள் நோட்டைப் புரட்டிக் குனிந்தார்கள். முதல் பெஞ்சில் இருந்த பெண்ணிடம், "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டாள். பெஞ்சின் ஓரத்தில், கேமராவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் என்ன சுகமாக இருந்தது என்றா கேட்கிறீர்கள்? ஒரு சுகமும் இல்லை. திருடிவிட்ட மாதிரி பயமாக இருந்தது. ஒரு பெஞ்சில் உட்காருவதற்கு இந்தப் பாடா என்று நினைத்தபோது பயம் போய்க் கோபம் வந்தது. கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்தேன், டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி. பையன்கள் கேட்ட சந்தேகத்துக்கு எழுந்துபோய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சு வரை மூன்று முறை நடந்தேன். யாரும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

கேமராவில் பார்த்திருக்க வேண்டும். கரஸ்பாண்டென்ட்டே நேரில் வந்துவிட்டார். வாசலில் அவர் தலை தெரிந்ததும் வகுப்பு முழுக்க எழுந்து, "குட் மார்னிங் சார்" என்று இழுத்துப் பாடியது. எங்கள் பள்ளியில் அவர் வந்தால் டீச்சரும் சேர்ந்து விறைப்பாக நிற்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற பெண் என்னைக் கீழே குனிந்து பார்த்தாள். "குட் மார்னிங் சார்," என்றேன், உட்கார்ந்தபடியே.

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் முன்னால் என்னைத் திட்ட முடியாது. "உட்காருங்க," என்று அவர்களிடம் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். "நீங்க பாடத்த நடத்துங்க மேடம். நான் சும்மா பாக்க வந்தேன். பீரியட் முடியற வரைக்கும் இருக்கேன்," என்றார். நான் தானாக எழுந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

நான் எழுந்து பலகைக்குப் போனேன். விடையைச் சரிபார்த்தேன், அடுத்த கணக்கை எழுதினேன், திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் உட்காருவதற்கு இடம் தேடிப் பார்வையைச் சுற்றினார். பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. மேஜைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வாசலோரச் சுவரை ஒட்டிப் போய் நின்றுகொண்டார்.

பிள்ளைகள் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். ஒரு பையன் பலகையில் வந்து போட்டான், தப்பாகப் போட்டான், இன்னொருத்தி திருத்தினாள். நான் அவசரப்படவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தபோது அவர் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வலதுக்கு. பிறகு சுவரில் சாய்ந்தார். பரீட்சை நாளில் நாங்கள் யாரும் சாயக்கூடாத சுவர் அது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்தார், மறுபடி கால் மாற்றினார்.

மணி அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. "ஒரு ஃபோன் பண்ண வேண்டியிருக்கு" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பிள்ளைகளிடம் அடுத்த கணக்கைப் போடச் சொன்னேன்.